மடல் உட்காரும் இடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் இளைஞர்கள் சிலருக்கு, வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் உதிர்ந்த முடி தோலுக்குள் புகுந்து சீழ்க்குழி வைத்துவிடும். பைலோனிடல் சைனஸ். வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய்தான். அதைச் சரிசெய்யும் லிம்பெர்க் மடல் முறையோ ரசித்துப் பேச வேண்டிய கைவேலை.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஓரிடத்தின் அறுவை அரங்கு. நோயாளி குப்புறக் கிடக்க, பிளாஸ்திரி பிட்டங்களை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கிறது. மார்க்கர் பேனா தோலில் 60, 120 பாகைக் கோணங்களில் ஒரு சாய்சதுரம் வரைகிறது. அதை ஒட்டி அதே அளவில் மடலுக்கான கோடுகள். குழிகளும் முடியும் அடங்கிய சாய்சதுரம் முழுதாக வெளியே வருகிறது. திசுவைச் சுடும் காட்டரி கருவி சிர்ரென்று சீறி ரத்தக் கசிவை அடக்குகிறது. பிறகு பக்கத்துத் தோலை மஞ்சள் கொழுப்போடு சேர்த்து மடலாகத் தூக்குகிறார்கள். ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியே இருக்கும். மடலுக்கு ரத்தம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ரவிக்கை அக்குளில் துண்டு வைக்கும் தையல்காரரின் கண் இங்கே தேவை. இழுத்துத் தைத்தால் கெட்டது. திருப்பியதும் மடல் தளர்வாகப் போய்ப் பள்ளத்தில் உட்கார வேண்டும்.

மூலைகளில்தான் பொறுமைக்குச் சோதனை. தையல் முடிந்து விரலால் அழுத்தினால் வெளுத்த தோலில் நிறம் மெல்லத் திரும்புகிறது. ஆழமான பிளவு தட்டையாகிவிட்டதால் முடி தங்க இடம் குறைவு. நோய் மீண்டும் வராது என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனால் நடுக்கோட்டிலேயே இழுத்துத் தைப்பதைவிட அது மீண்டும் வரும் வாய்ப்பு குறைவு.