டியூ-142: தூரம் நிறைவு, மற்றதெல்லாம் குறைவு

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டியூ-142 கடல் ரோந்து விமானத்தின் பக்கத்தில் போனால் முதலில் கண்ணில் படுவது அதன் கால்கள்தான். 53 மீட்டர் நீளம், 50 மீட்டர் இறக்கை விரிப்பு என்ற பிரம்மாண்டமெல்லாம் பிறகு. இவ்வளவு உயரமான கால் எதற்கு? புரொப்பல்லரின் விட்டம் 5.6 மீட்டர், அது தரையில் உரசக்கூடாதே. எஞ்சின் நான்கு, ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக, எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் 2017 மார்ச் 29 அன்று பணி ஓய்வு பெற்ற விமானங்களில் ஒன்று இது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அருங்காட்சியகம். உள்ளேயும் ஏறிப் பார்க்கலாம், பார்த்தேன்.

இந்தியக் கடற்படையில் 29 ஆண்டுகள் விபத்தில்லாமல் பறந்த விமானத்தைக் குறை சொல்ல மனம் வராதுதான். ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று: இது கடலுக்கென்று பிறந்த விமானம் இல்லை. 1952-இல் முதன்முதலாகப் பறந்த டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானத்தின் மறுபிறவி. அமெரிக்காவின் பொலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கிகள் 1960-களில் வந்ததும், அவற்றைத் தொலைதூரக் கடலில் தேடும் விமானம் சோவியத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கையில் இருந்ததை நீட்டி, திருத்தி 1968-இல் பறக்கவிட்டார்கள். முதலில் மண் ஓடுபாதையிலும் இறங்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு சக்கரம் கொடுத்தார்கள். எடைதான் கூடியது. பிறகு வந்தவற்றில் பக்கத்துக்கு நான்காகக் குறைத்துவிட்டார்கள்.

குண்டுவீச்சு விமானத்தின் வேலை உயரத்தில் வேகமாகப் போவது. அதற்காகத்தான் இறக்கை 35 டிகிரி பின்சாய்ந்திருக்கிறது. நீர்மூழ்கி வேட்டையோ நேர்மாறான தொழில்: தாழ வேண்டும், மெதுவாகச் சுற்ற வேண்டும், திரும்பத் திரும்ப வளைய வேண்டும். செங்குத்து வாலின் உச்சியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பைக் கவனியுங்கள். கடலுக்கடியில் கிடக்கும் பெரும் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாறுதலை உணரும் கருவி அது. சில நூறு மீட்டருக்குள் நெருங்கினால்தான் அதற்கு வேலை. 185 டன் வரை எடையோடு கிளம்பக்கூடிய விமானத்தை, பின்சாய்ந்த இறக்கையோடு அலைக்கு மேலே அவ்வளவு தாழ்வாக ஓட்டுவது விமானிக்குச் சுகமான வேலையாக இருந்திருக்காது.

அடுத்தது சத்தம். எஞ்சின் ஒன்றுக்குச் சுமார் 15,000 குதிரைத்திறன். என்.கே-12 என்ற இந்த எஞ்சினின் உருவாக்கத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பொறியாளர்களுக்கும் பங்குண்டு. பொறியியல் சாதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விமானம் வேகமெடுத்ததும் புரொப்பல்லர் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்குகின்றன. அந்த இரைச்சல் அரக்கோணத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாழப் பறக்கும் விமானத்தின் ஓசை நீருக்குள்ளும் இறங்கும் என்பதுதான் சிக்கல். காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும் நீர்மூழ்கிக்கு, வேட்டைக்காரன் தானே தண்டோரா போட்டுக்கொண்டு வருகிறான்.

உடற்பகுதியின் விட்டம் 2.9 மீட்டர், நம் ரயில் பெட்டியின் அகலம்கூட இல்லை. அந்த உருளைக்குள்ளும் ஆட்கள் இருக்க முடிந்தது முன்னாலும் வாலிலும் மட்டுமே. நடுப்பகுதி முழுக்க எரிபொருளும் ஆயுத அறைகளும். அங்கே காற்றழுத்தம் கிடையாது. இதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய குறை. சோனோபாய் எனப்படும் ஒலி கேட்கும் மிதவைகள் இருப்பது அந்த அறைகளில். தரையில் எதை ஏற்றினார்களோ அதுதான். வேறு வகை மிதவை வேண்டும் என்று நடுக்கடலில் தோன்றினாலும், ஒன்று சிக்கிக்கொண்டாலும் யாரும் எழுந்துபோய்க் கை வைக்க முடியாது. இதே காலத்து அமெரிக்க பி-3 ஓரியனில் பறந்துகொண்டிருக்கும்போதே கேபினுக்குள்ளிருந்து மிதவையைப் போட வழியிருந்தது.

வாலில் உட்கார்ந்தவரின் நிலை இன்னும் பரிதாபம். மற்றவர்களோடு அவருக்குத் தொடர்பு இன்டர்காம் மட்டுமே. எதிரே 23 மி.மீ. பீரங்கி இரண்டு. கடல் ரோந்து விமானத்தைத் துரத்தி வரும் சண்டை விமானம் ஏவுகணையைத் தொலைவிலிருந்தே விட்டுவிடும் காலத்தில் இதை எதற்குச் சுமந்தார்கள்? டியூ-95-இல் இருந்தது, இதிலும் இருந்தது; அவ்வளவுதான் பதில். வெளியே வீசித் தப்பவைக்கும் இருக்கை விமானிக்குக்கூட இல்லை. முன்னாலிருப்பவர்கள் ஆபத்தில் தரைக்கதவைத் திறந்து, முன்சக்கரம் இருக்கும் குழி வழியாக ஒருவர் பின் ஒருவராகக் குதிக்க வேண்டும். அலைக்கு அருகே பறக்கும்போது அதற்கு அவகாசம் ஏது?

காக்பிட்டில் வட்ட வட்ட டயல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. படம் எடுக்க நன்றாக இருக்கும். பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க அல்ல. மின்னணுக் கருவிகளும் காலத்தில் உறைந்துபோயின. நம் கடற்படையின் இன்னொரு ரோந்து விமானமான இல்யூஷின்-38-க்கு ‘சீ டிராகன்’ என்ற புதிய கருவித் தொகுதி கிடைத்தது. இவற்றுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1988-இல் நம்மிடம் வந்தன, 1991-இல் சோவியத்தே கலைந்தது, 1990-களின் நடுவில் டாகன்ரோக் ஆலையில் உற்பத்தியும் நின்றது. உதிரிபாகத்துக்கு அலைந்த கதையை இதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

பிறகு ஏன் வைத்திருந்தார்கள்? தூரம். வெற்று எடை சுமார் 90 டன். கிளம்பும்போது ஏறக்குறைய அதே அளவு எரிபொருளைத் தூக்கிக்கொள்ளும். 12,000 கி.மீ. போகலாம், ஜெட் ரோந்து விமானங்களைவிட வேகமும் அவ்வளவு குறைவில்லை. அந்தமானுக்கு அப்பாலும் ஆப்பிரிக்கக் கரை பக்கமும் பார்வை வேண்டிய நாட்டுக்கு இது சின்ன விஷயமா? அந்தப் பெருஞ்சுமையோடு எழும்ப நீண்ட ஓடுபாதை வேண்டும், 4 கி.மீ.க்கு மேல் நீளும் ஓடுபாதையுள்ள அரக்கோணத்துக்கு 1992-இல் கோவாவிலிருந்து இவற்றைக் கொண்டுவந்ததும் அதனால்தான். அப்படிப்பட்ட தளங்கள் நாட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒரு குறைதான்.

இவற்றின் இடத்துக்கு வந்த போயிங் பி-8ஐ-யும் கடலுக்கென்று பிறந்ததில்லை, 737 பயணிகள் விமானத்திலிருந்து வந்தது. ஆனால் பயணிகள் விமானத்தில் மனிதர்களுக்கு இடமிருந்தது: எல்லாரும் ஒரே கேபினில், திரைகள் வரிசையாக, மிதவை ஏவும் குழாய்கள் எட்டும் தூரத்தில். விட்டுக்கொடுத்தது எட்டும் தூரத்தை. சுமார் 2,200 கி.மீ. போய், நான்கு மணி நேரம் சுற்றித் திரும்பலாம். டியூ-142 எட்டுதான் வாங்கினோம். பி-8ஐ இப்போது பன்னிரண்டு.