பட்டமளிப்பு மேடைக்கு அப்பால்: மலேசியப் புனைகதையில் படித்தவன்

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் கல்வி பெரும்பாலும் விடுதலையாகவே சித்திரிக்கப்படுகிறது. தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளை பட்டம் பெறுகிறான். கதையும் அத்துடன் முடிகிறது. அப்பட்டதாரி கோலாலம்பூர் அலுவலகமொன்றில் பதவி உயர்வின்றி ஆண்டுகள் பல அமர்ந்திருப்பதை எழுதியவர் மிகச் சிலரே.

இக்குறையை விளங்கிக்கொள்ளக் கிராணி என்னும் பாத்திரத்தை நோக்குதல் தகும். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்றவர் அவர். பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர் அல்லது மலையாளி. ஆங்கிலம் அறிந்தவர், கணக்கெழுதியவர். ஆயினும் ஆங்கிலேயர் காலத்தில் துரையின் நாற்காலி அவருக்கு எட்டாதது. நம் கதைகள் தொழிலாளியின் கண்கொண்டே அவரை நோக்கியதால், அதட்டுபவராகவும் கூலியைப் பிடிப்பவராகவுமே பதிவானார். அப்பார்வை நியாயமானதே. ஆனால் அவருடைய தேக்கம் இலக்கியத்துக்குப் புறத்தே நின்றுவிட்டது.

அரசுப் பணியிலும் நிலை வேறன்று. 1904இல் மலாயா உயர் ஆட்சிப் பணித் தேர்வு, தாய் தந்தை இருவழியிலும் ஐரோப்பியராய் இருப்போர்க்கே உரியதாக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். எழுத்தர் பணிக்கு மேல் ஏறவியலாத அச்சமூகம், அலுவலகம் மறுத்த மதிப்பைக் கோயில், சங்கப் பொறுப்புகளில் தேடிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. இதுவும் கதையாகவில்லை.

கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' நாவல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகன் இரவி, இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். பிறர் கதையை முடிக்கும் இவ்விடத்தில்தான் மணியத்தின் நாவல் கனம் பெறுகிறது. தந்தை தமக்கு உரிமையற்ற நிலத்தில் வீடெழுப்பி, அவ்வீட்டின் தீயிலேயே மடிகிறார். மகனின் சான்றிதழ் அந்நிலத்துக்குப் பட்டா பெற்றுத் தரவில்லை. எனினும் மணியமும் அலுவலகத்தினுள் நுழையவில்லை.

பால்மரம் சீவிய தாயின் முன்னிலையில் குளிரூட்டிய அறையின் மனக்குறையைச் சொல்லக் கூசுவதே இம்மௌனத்தின் வேர் என்பது என் துணிபு. கிள்ளானைச் சேர்ந்த முன்னாள் மாணவி ஒருவர், முதுகலைப் பட்டம் பெற்றவர், தனியார் நிறுவனமொன்றில் தாம் பயிற்றுவித்த இளையோரே தமக்கு மேலதிகாரிகளாய் அமர்வதை ஒருமுறை என்னிடம் கூறினார். வீட்டில் சொன்னாயா எனக் கேட்டேன்.

"அம்மாவுக்கு நான் இன்னும் பெரிய ஆபீசர்தான்" என்றார்.