எபிரேய வேதத்தில் பிற தெய்வங்கள்

எபிரேய வேதத்தின் முதற்கட்டளை பிற தெய்வங்களை வணங்கக்கூடாது என்கிறது. அவை இல்லை என்று சொல்லவில்லை. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலுள்ள இந்தத் தடை, இஸ்ரவேலரின் மனத்தை ஈர்க்கக்கூடிய வேறு தெய்வங்களும் உண்டு என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது. அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் எகிப்தின் தெய்வங்களுக்கும் தண்டனை அறிவிக்கப்படுகிறது. 15ஆம் அதிகாரத்துக் கடல் வெற்றிப் பாட்டோ, தெய்வங்களுக்குள் கர்த்தருக்கு நிகரானவர் யார் என்று கேட்கிறது. நிகரில்லை என்று பெருமைப்படுத்த வேண்டுமானால், ஒப்பிடச் சிலராவது இருந்தாக வேண்டும்.

இத்தகைய பகுதிகளை விளக்க, 19ஆம் நூற்றாண்டின் யூலியஸ் வெல்ஹவுசன் காலம் தொட்டு விவிலிய ஆய்வாளர் பலரும் ஒரு வளர்ச்சி வரிசையைக் கையாண்டு வருகின்றனர். முதலில் பல தெய்வ வழிபாடு; பின்னர், பிற தெய்வங்கள் இருப்பதை ஒப்புக்கொண்டபடியே கர்த்தரை மட்டும் வணங்கும் நிலை; இறுதியில், யூதர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட சிறையிருப்புக் காலத்தை ஒட்டி, அவரைத் தவிர வேறு கடவுளே இல்லை என்ற கொள்கை. இந்த வாசிப்பு முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இதன் முதல் பலம், எழுதப்பட்டிருப்பதை எழுதப்பட்டபடியே படிக்க விடுவது. 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. இஸ்ரவேல், யூதா, ஏதோம் ஆகிய மூன்று நாட்டு அரசர்களும் மோவாபின் கோட்டையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். வேறு வழியற்ற மோவாப் அரசன் மேசா, தன் மூத்த மகனை மதிலின்மேல் தகனபலியாகக் கொடுக்கிறான். உடனே இஸ்ரவேலின்மேல் கடுங்கோபம் மூண்டது, படை திரும்பிப் போயிற்று என்று கதை சட்டென்று முடிகிறது. யாருடைய கோபம் என்று நூலாசிரியர் சொல்லவில்லை. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, முற்றுகையிட்ட அரசர்கள் இரக்கப்பட்டுத் திரும்பினார்கள் என்று எழுதிச் சிக்கலைக் கடந்துவிட்டார். ஆனால் அக்காலத்துச் செவிகளுக்கு, பலியை ஏற்ற மோவாபின் தெய்வம் காமோசின் கோபம் என்பதே முதலில் பட்டிருக்கும்.

மேசாவின் தரப்பும் இன்று நம்மிடம் இருக்கிறது. 1868இல் இன்றைய ஜோர்டானின் தீபான் என்ற ஊரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டில், காமோஸ் தன் நாட்டின்மேல் கோபம் கொண்டதால்தான் இஸ்ரவேல் தன்னை ஒடுக்க முடிந்தது என்கிறான் அவன். நேபோ என்னும் ஊரைப் பிடித்து, கர்த்தருக்குரிய பொருள்களைக் காமோசின் முன் இழுத்துச் சென்றதாகவும் பொறித்திருக்கிறான். தோல்விக்குத் தன் தெய்வத்தின் கோபமே காரணம் என்ற இந்த நோக்கு, நியாயாதிபதிகள் நூலில் இஸ்ரவேலின் கதையாக மீண்டும் மீண்டும் வருவதுதான். அந்நூலின் 11ஆம் அதிகாரத்தில் யெப்தா, காமோஸ் தந்த நிலத்தை நீ வைத்துக்கொள், எங்கள் கர்த்தர் தந்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் அம்மோன் அரசனிடம் வாதிடுகிறான். அம்மோனியரின் தெய்வம் மில்கோம் என்பதால் இதில் ஏதோ குழப்பம் இருக்கிறது. எதிரியின் வாயை அடைக்கும் தந்திரப் பேச்சாகவும் இதைக் கொள்ளலாம். ஆனாலும் ஒரு நிலத்துக்கு ஒரு தெய்வம் என்ற கணக்கு கேட்போருக்குப் புரியாமல் இப்படி வாதிட முடியாது.

இரண்டாவது பலம் ஏட்டுச் சான்று. உபாகமம் 32:8இல் உன்னதமானவர் மக்களினங்களின் எல்லைகளை வகுத்ததாக ஒரு வரி உண்டு. எந்த எண்ணிக்கைப்படி வகுத்தார்? மரபான எபிரேய ஏடு இஸ்ரவேல் புத்திரரின் எண்ணிக்கைப்படி என்கிறது; பழைய தமிழ் வேதாகமமும் அதையே பின்பற்றுகிறது. சாக்கடலருகே கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த சுருள் துண்டிலோ அங்கே தேவபுத்திரர் என்று இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பின் ஏடுகளில் தேவதூதர் என்று காணப்படுவதும் இதையே சார்ந்து நிற்கிறது. உலகம் பிரிக்கப்பட்டபோது இஸ்ரவேல் என்ற இனமே இல்லை என்பதால் சுருளின் பாடமே பொருந்துகிறது. பிற்காலப் படியெடுப்போர் தேவபுத்திரரை இஸ்ரவேல் புத்திரராக மாற்றினார்கள் என்றால் காரணம் விளங்குகிறது. எதிர்த்திசையில் மாற்றக் காரணம் சொல்வது கடினம். அதே அதிகாரத்தின் 43ஆம் வசனத்திலும் எல்லாத் தெய்வங்களும் பணியட்டும் என்ற அழைப்பு மற்றொரு கும்ரான் சுருளில் உள்ளது. மரபான ஏட்டில் இல்லை. பழைய நம்பிக்கை ஒன்று கைக்குக் கை மாறும்போது மெல்ல அழிக்கப்படுவதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

சங்கீதம் 82 அழிக்கப்படாமல் தப்பியது. அதில் தேவன் தேவசபையில் நின்று, ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நீதி செய்யாத தெய்வங்களைக் குற்றம் சாட்டி, நீங்கள் மனிதரைப்போல் சாவீர்கள் என்று தீர்ப்பளிக்கிறார். ரபிகளின் மரபில் இத்தெய்வங்கள் மனித நீதிபதிகள் என்று விளக்கம் உண்டு. மனிதரைப் பார்த்து மனிதரைப்போல் சாவீர்கள் என்பது தண்டனையாகுமா? அந்த விளக்கம் இந்த ஒரு கேள்வியைத் தாண்டுவதில்லை.

குறைகளும் சிறியவையல்ல. படிப்படியான வளர்ச்சி என்ற வரிசை மிக நேராக இருக்கிறது. நூல்கள் அவ்வளவு நேராக இல்லை. உபாகமம் 4ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் வசனம் சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் கர்த்தர் மற்ற மக்களுக்குப் பங்கிட்டார் என்கிறது. 35ஆம் வசனம் அவரையன்றி வேறொருவரில்லை என்கிறது. இரண்டும் வெவ்வேறு காலத்தவை என்று பிரிக்கலாம். ஆனால் அவற்றை ஒரே அதிகாரமாகத் தொகுத்தவருக்கு அங்கே முரண்பாடு தெரியவில்லையே! சிறையிருப்புக்குப் பின் நூற்றாண்டுகள் கழித்தும் இப்பேச்சு ஓயவில்லை. தானியேல் 10இல் பெர்சியாவுக்கும் கிரேக்கத்துக்கும் தனித்தனி வானுலகப் பிரபுக்கள் இருக்கிறார்கள். கும்ரான் சமூகத்தார் வைத்திருந்த ஓய்வுநாள் பலிப் பாடல்களில் வானோர் தெய்வங்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள்.

அடுத்த குறை, வேறொருவரில்லை என்ற வாய்பாட்டை நேரடித் தத்துவக் கூற்றாக எடுத்துக்கொள்வது. செப்பனியா 2இல் நினிவே நகரமும், ஏசாயா 47இல் பாபிலோனும் தங்களைப் பற்றி இதே பாணியில் பீற்றிக்கொள்கின்றன. உலகில் வேறு ஊரே இல்லை என்று எந்த ஊரும் சொல்லாது. எனக்கு ஈடில்லை என்பதே பொருள். நாதன் மெக்டொனால்டு 2003இல் வெளியிட்ட நூலில், ஓரிறைக் கொள்கை என்ற நவீனக் கருத்தை உபாகமத்தின்மேல் ஏற்றுவதையே கேள்விக்குள்ளாக்கினார். அந்தக் கேள்வி நியாயமானது.

தொல்லியல் சான்றுகளைக் கையாளும் விதத்திலும் கவனக்குறைவு நேர்கிறது. சினாயின் குந்தில்லத் அஜ்ரூதில் 1975-76இல் தோண்டியெடுத்த பெரிய சாடிகளில், சமாரியாவின் கர்த்தரையும் அவருடைய அசேராவையும் (ஒரு தேவதை, அல்லது அவளுக்குரிய வழிபாட்டுச் சின்னம்) சொல்லி வாழ்த்து எழுதப்பட்டிருந்தது. எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதரின் பாப்பிரஸ் ஆவணங்களில் கர்த்தரோடு ஆனாத் என்ற தேவதையின் பெயரும் வருகிறது. மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். வேதம் என்ன ஏற்றது என்பதற்கு அல்ல. எரேமியா முதலிய தீர்க்கதரிசிகள் கண்டித்தது இதைத்தான்.

மறுமுனையில் நின்ற யூத அறிஞர் எகெஸ்கேல் காஃப்மன், இஸ்ரவேலின் சமயம் தொடக்கத்திலிருந்தே ஓரிறைச் சமயம் என்று வாதிட்டார். கர்த்தருக்குப் பிறப்புக் கதையோ மனைவியோ வேதத்தில் எங்கும் இல்லை என்பது அவரது வலுவான வாதம். வளர்ச்சி வரிசையை நம்புவோர் இதற்கு இன்னும் நல்ல பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சங்கீதம் 82இன் முன் அவரது வாதமும் தளர்கிறது.

பிற தெய்வங்கள் இல்லை என்ற மறுப்புக்கு மிக அருகில் வருபவர், கி.மு. 539இல் பாபிலோன் வீழ்ந்த காலத்தை ஒட்டிப் பேசும் இரண்டாம் ஏசாயா; ஏசாயா நூலின் பிற்பகுதியின் ஆசிரியரை ஆய்வாளர்கள் இப்படி அழைக்கின்றனர். 44ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு தச்சனைக் காட்டுகிறார். மரத்தை வெட்டி, ஒரு பாதியை எரித்துக் குளிர் காய்கிறான், அப்பம் சுடுகிறான், இறைச்சி பொரிக்கிறான். மீதியைச் செதுக்கி அதன்முன் விழுந்து, என்னைக் காப்பாற்று என்கிறான். அதற்கு முன்பே 41ஆம் அதிகாரத்தில், நடக்கப்போவதைச் சொல்லுங்கள், நன்மையோ தீமையோ ஏதாவது செய்யுங்கள் என்று பிற தெய்வங்கள் வழக்காடு மன்றத்துக்கு அழைக்கப்படுகின்றன, பதில் வரவில்லை. இங்கேயும் சோதிக்கப்படுவது அவற்றின் செயல்திறனே. செயலற்ற தெய்வம் இல்லாத தெய்வம் என்ற முடிவுக்கு அங்கிருந்து ஓர் அடிதான்.

ஆகவே எபிரேய வேதம் பிற தெய்வங்களை அறிந்திருக்கிறது என்ற வளர்ச்சி வாசிப்பின் முடிவு சரி. அந்த அறிவு ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டோடு மறைந்துபோனது என்ற அதன் காலக்கணக்கு தவறு. கர்த்தரோடு இஸ்ரவேல் செய்த உடன்படிக்கையைப் பேசும் இந்நூல்களுக்கு முதன்மையான கேள்வி எத்தனை தெய்வங்கள் உண்டு என்பதன்று, இஸ்ரவேல் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே.