அசலும் நகலும்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வை ‘நகல் எடுத்துக்கொள்கிறது’ என்று நம் விஞ்ஞானக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பாடப்புஸ்தகம் ‘இரட்டிப்பாதல்’ என்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் படிக்காத நான் சாஸ்திரத்தில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வார்த்தை என் தொழில். அதைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

நகல் என்பது கச்சேரி வார்த்தை. தாலுகா ஆபீஸில் நகலுக்கு மனுப் போட்டால் அசல் அங்கேயே இருக்கும். முத்திரை குத்திய பிரதி நம் கைக்கு வரும். உயிரணுவில் அப்படி ஓர் அசல் மிஞ்சுவதே இல்லை. முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழைகளும் பிரிகின்றன. ஒவ்வொரு பழைய இழையும் தனக்கு எதிரே ஒரு புது இழையைக் கட்டிக்கொள்கிறது. பிறக்கும் இரண்டிலுமே பாதி பழசு, பாதி புதுசு. இதில் எதை அசல் என்பது? வாட்ஸனும் கிரிக்கும் 1953-இல் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். 1957-இல் டெய்லரும் அவர் கூட்டாளிகளும் அவரை இனத்துச் செடி ஒன்றின் வேர்நுனியிலும், 1958-இல் மெஸல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவிலும் அதைக் காட்டினார்கள்.

‘இரட்டிப்பு’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது கணக்கு வார்த்தை. எத்தனை என்று சொல்லும். எப்படி என்று சொல்லாது.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்கள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் எதற்காவது வரட்டும். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். அராபிகாச் செடியின் உயிரணுவில் 44 குரோமோசோம்கள், ரொபஸ்டாவுக்கு 22தான். கவாத்து செய்த கிளை மறுபடி துளிர்க்கும்போதெல்லாம் அந்த 44-க்கும் இந்த வேலை நடக்கவேண்டும். நகல் என்று நினைத்தால், விதையின் அசல் எப்போதோ மக்கிப்போயிற்று என்றுதான் தோன்றும். அப்படியல்ல. விதை கருக்கொண்ட முதல் உயிரணுவின் இழைகள் கரைந்துவிடுவதில்லை, கைமாறிக்கொண்டே போகின்றன. இடையில் அறுந்து வேறோடு ஒட்டியவை, கட்டை வயிரமானபோது செத்த உயிரணுக்களோடு நின்றவை போக, மீதி, சில்வர் ஓக் நிழலில் நிற்கும் 30 வயசுச் செடியின் ஏதோ ஒரு துளிரில் இன்னும் இருக்கக்கூடும். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! நகல் என்ற சொல் இதைத்தான் மூடிவிடுகிறது.

ஏடு பெயர்த்து எழுதுவதை உவமை சொல்பவர்களும் உண்டு. அதுவும் பாதி தூரந்தான் வரும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒன்றைத்தான் தொடர்ச்சியாக எழுதிப்போக முடிகிறது. மற்றதைத் துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதி ஒட்டவேண்டியிருக்கிறது. ஒகஸாகி தம்பதிகள் 1960-களில் கண்ட துண்டுகள் இவை. செடிகளில் ஒவ்வொன்றும் 100, 200 எழுத்து நீளம். எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவதும் கூடவே நடக்கிறது. கடைசியில் தங்கும் பிழை சுமார் 100 கோடி எழுத்துக்கு ஒன்று. என் நாவல்களுக்குப் புரூப் பார்த்தவர்கள் மன்னிக்கவேண்டும்.

‘இணை கட்டுதல்’ என்று சொல்லிப் பார்க்கலாமே என்று எனக்குப் படுகிறது. சேலத்துப் பையனுக்கு இழையும் தெரியும், இணையும் தெரியும். நீளமாக இருக்கிறது என்று ஆட்சேபிப்பார்கள். குரோமோசோம் என்று மட்டும் வாய் நோகாமல் சொல்கிறார்கள்.