நாணயமும் நாவும்

ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்தார். ரமணாசிரமத்தில் அவர் இருந்தது சிறிது நேரமே. வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். அவர் படுத்திருந்த அறைக்கு ரமணரே வந்து மௌனமாக அமர்ந்திருந்து சென்றார். அந்த மயக்கத்தைப் பரவச நிலை என்று பிறர் கொண்டாடியதை மாம் ஏற்கவில்லை என்பது, 1958இல் வெளியான அவருடைய கட்டுரைத் தொகுப்பிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தப் பயணத்தின் பயனாக 1944இல் வெளிவந்த 'த ரேஸர்ஸ் எட்ஜ்' என்னும் நாவல் ஒரு படிமத்தை உலகெங்கும் பரப்பிவிட்டது. தொழிலிலும் போட்டியிலும் நைந்துபோன மனிதனுக்குத் தென்னிந்திய மலையடிவாரம் ஒன்றில் மருந்து இருக்கிறது என்பதே அப்படிமம்.

இன்று அது மேலைநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்கு, விடுமுறை நாள்களில் மென்பொருள் நிறுவனங்களின் உயர்பதவியாளர்கள் வருகின்றனர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கின்றனர். இரண்டு நாள் மௌனமாக அமர்கின்றனர். திங்கட்கிழமை காலை மீண்டும் கணினியின் முன் அமர்கின்றனர். அவர்களது நம்பிக்கையையோ இளைப்பாறும் உரிமையையோ குறைகூறுவது நம் நோக்கமன்று. அத்வைதத்திற்கும் தவ்ஹீதுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது. அதை விவாதிப்பதும் இக்கட்டுரையின் வேலையன்று. சாதனையாளன் சோர்ந்து விழும்போது எதைக் குணப்படுத்த வேண்டும் என்னும் கேள்வியை முன்வைத்து மாமின் நாவலை வாசிக்கவும், அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட நம்முடைய நூல் ஒன்றை அதனருகில் வைத்துப் பார்க்கவுமே விழைகிறோம்.

நாவலின் நாயகன் லாரி. முதல் உலகப் போரில் தன் நண்பனின் மரணத்தைக் கண்டவன். செல்வமும் பதவியும் வேண்டாமென்று உதறி, அலைந்து திரிந்து, இந்தியாவில் ஞானியொருவரிடம் வந்து சேர்கிறான். அந்த ஆசிரமத்தை மாம் திருவிதாங்கூரில் வைத்திருப்பினும், ஞானியின் சாயலில் திருவண்ணாமலையைக் காண்பது கடினமன்று. திறனாய்வாளர்கள் பெரும்பாலும் லாரியைப் பற்றியே பேசுகின்றனர். நம் கவனத்திற்கு உரியவன் அவனுடைய நண்பன் கிரே. சிகாகோவின் பங்குத் தரகர் குடும்பத்தில் பிறந்து, தந்தையின் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவன். 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி அவனுடைய செல்வத்தை அடித்துச் செல்கிறது. உடலும் உள்ளமும் நொறுங்கிய அவனைக் கொடிய தலைவலி வாட்டுகிறது. வேலை எதுவும் செய்ய இயலாதவனாகிறான். இந்தியாவிலிருந்து திரும்பும் லாரி அவன் கையில் பழைய நாணயம் ஒன்றை வைத்து இறுகப் பற்றச் சொல்கிறான். கை தானாகத் திறந்து நாணயம் விழும்போது வலி நீங்கியிருக்கும் என்கிறான். அவ்வாறே நடக்கிறது. இன்றைய சொல்லில் கூறினால் அது ஒருவகைக் கருத்தேற்ற சிகிச்சை.

குணமடைந்த கிரே என்ன செய்கிறான்? எண்ணெய்த் தொழிலில் நல்ல வருவாய் தரும் வேலையொன்றைத் தேடிக்கொண்டு அமெரிக்கா திரும்புகிறான். தான் செய்த தொழில் எத்தகையது, அது யாருக்காக, ஏன் அது தன் உயிரைக் குடித்தது என்னும் கேள்விகள் அவனிடம் எழுவதே இல்லை. லாரியும் அவற்றை எழுப்புவதில்லை. பணத்தால் நோயுற்றவனுக்கு நாணயத்தைக் கொண்டே மருந்து தந்த இக்காட்சியை மாம் அங்கதமாக எண்ணி எழுதினாரா என்பது ஆராய்வதற்குரியது. எழுதியிருக்கவே வாய்ப்புண்டு. நாவலின் முடிவில் பாத்திரங்கள் அனைவரும் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றுவிட்டதாகக் கதைசொல்லி கணக்குத் தீர்க்கிறான். அந்தக் கணக்கில் ஞானமும் நல்ல சம்பளமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாவலின் கூர்மை இவ்விடத்தில்தான் உள்ளது. ஆனால் அதைப் படித்த தலைமுறைகள் அங்கதத்தை விட்டுவிட்டுச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டன. தத்துவத்தைத் தலைவலி மாத்திரையாக்கும் வாசிப்பு அங்கிருந்து தொடங்கியது.

நவீன உளவியலும் இதே கவட்டுப் பாதையில் நிற்கிறது. 'பர்ன் அவுட்' எனப்படும் பணிச்சோர்வை 1974இல் ஆய்வுலகில் பேசியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வத்துடன் உழைத்தவர்களிடையே அவர் அதைக் கண்டார். பெருநிறுவன மேலாளர்களிடமல்ல, பிறருக்காகத் தம்மைத் தேய்த்துக்கொண்டவர்களிடமே அது முதலில் அடையாளம் காணப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாக வகுத்தார்: உள்ளம் வறண்டுபோதல், தன் வேலையையும் அதில் எதிர்ப்படும் மனிதர்களையும் வெறுப்போடு விலகி நோக்குதல், தான் எதையும் சாதிக்கவில்லை என்னும் எண்ணம். சுரங்கத்துக் காற்றில் பறவை மயங்கினால் பறவையைக் குறைகூறிப் பயனில்லை, காற்றைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஒப்பானது அவருடைய நிலைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பகுப்பும் பணிச்சோர்வைத் தனியொரு நோயாகக் கொள்ளவில்லை. பணியிடத்தில் நீடித்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆயினும் நடைமுறையில் சரிசெய்யப்படுவது பணியிடமன்று, பணியாளன்தான். மூச்சுப்பயிற்சியும் தியானச் செயலியும் அவன் கையில் வைக்கப்படும் நாணயங்களாகின்றன.

இனி நம்முடைய நூலுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் எழுதிய 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் சிறுநூலைத் தத்துவ விமர்சனமாகவும் ஸூஃபித்துவத்தின் வாக்குமூலமாகவும் படிப்பதே வழக்கம். அதை ஒரு சாதனையாளனின் வீழ்ச்சி வரலாறாகவும் படிக்கலாம். ஹிஜ்ரி 484இல், அதாவது கி.பி. 1091இல், பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்த்தது. அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அக்காலத்து இஸ்லாமிய உலகில் அதனினும் உயர்ந்த கல்விப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில், ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில், அவருடைய நா கட்டுண்டது. பாடம் சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. உணவும் நீரும் இறங்கவில்லை, உடல் மெலிந்தது. மருத்துவர்கள் கைவிரித்தனர். நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தின் பாரம் நீங்கினாலன்றி மருந்தால் பயனில்லை என்பதே அவர்களது முடிவு.

அவருடைய விலகலுக்கு அக்கால அரசியல் அச்சங்களே காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உளர். நிஜாமுல் முல்க் 1092இல் கொலையுண்டதை எண்ணினால் அதைப் புறந்தள்ள இயலாது. ஆனால் நூல் தன்னளவில் சொல்வது வேறு. இமாம் வேலைப்பளுவைக் குறைசொல்லவில்லை. மாணவர் கூட்டத்தையும் குறைசொல்லவில்லை. தம்முடைய நிய்யத்தை ஆராய்கிறார். கற்பித்தல் நற்செயல்தான், ஆனால் தம்மை அதில் ஈடுபடுத்தியது இறைதிருப்தியா, புகழ்வேட்கையா என்று கேட்கிறார், விடை அவரை நடுங்க வைக்கிறது. மென்மேலும் பெருக்கும் போட்டி மண்ணறை வரையில் மனிதனை மயக்கி வைத்திருப்பதைப் பேசும் 'தகாஸுர்' அத்தியாயத்தின் எச்சரிக்கை ஓர் ஆலிமின் உடலில் எழுதப்பட்டது போன்று இருக்கிறது இந்தப் பகுதி. கிரேயின் தலைவலி ஒரு தடை. அகற்றினால் பழைய ஓட்டம் தொடரும். இமாமின் மௌனம் ஒரு செய்தி. அதைப் படித்தாக வேண்டும். இரு நூல்களும் பிரிகின்ற இடம் இதுவே.

பிள்ளைகளுக்கும் தேவைக்கும் போதுமானதை ஒதுக்கி, எஞ்சியதைப் பகிர்ந்தளித்துவிட்டு அவர் டமாஸ்கஸுக்குச் சென்றார். பின்னர் ஜெரூசலம், ஹஜ். பிள்ளைகளின் அழைப்பு அவரைத் தாயகத்திற்கு மீட்டது. ஹிஜ்ரி 499இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார். இதைத் திரும்புதல் என்று கொள்ள அவர் மறுக்கிறார். முன்னர்ப் பதவியை ஈட்டித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவியை உதறச் செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் வேறுபடுத்துகிறார். வேலை அதுவே; அதன் நோக்கு மாறியது. இடையில் கழிந்த ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளை இரண்டு நாள் ஓய்வாகச் சுருக்க இயலுமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் பதினோரு ஆண்டுகள் வாய்க்குமா என்பது நியாயமான மறுகேள்வி. வீட்டுக்கடனும், பள்ளிக்கட்டணமும், வளைகுடாவிலிருந்து ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் கடமையும் உள்ளவன் டமாஸ்கஸின் மினாராவில் தனித்திருக்க முடியாது. இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை கிடைக்கிறது. உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1937–38இல் இந்தியா வந்தார். ஆனால் திருவண்ணாமலைக்கு அவர் செல்லவில்லை. பிறகு, தம் நண்பர் ஹைன்ரிஷ் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூலுக்கு 1944இல் எழுதிய முன்னுரையில் அதற்குச் சமாதானம் தேடுகிறார். திருவனந்தபுரத்தில் தாம் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவரை அங்கே நினைவுகூர்கிறார். ஆரம்பப் பள்ளி ஆசிரியரைப் போன்ற எளிய நிலையினர். பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். உலகத்தைத் துறக்காமல் அதைச் சுமந்துகொண்டே குருவின் ஞானத்தை உட்கொண்ட அம்மனிதரை, குருவையும் விஞ்சியவர் என்றே யுங் மதிப்பிடுகிறார். முனிவரைத் தரிசிக்காததற்கான சாக்கு இது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ரமணரும், வேலையை விட்டுவிட்டு வரத் துடித்த அலுவலர்களை ஊக்குவித்தவரல்லர்; தொழில் தடையன்று என்றே அவர்களுக்குச் சொல்லிவந்தார். நம் மரபில் இதனினும் தெளிவான முன்மாதிரி உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தாவை (ரலி) உண்ணவும் உறங்கவும் வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் மனைவிக்கும் உரிய உரிமைகளைத் தனித்தனியே செலுத்துமாறு ஸல்மான் (ரலி) அறிவுறுத்தியதும், நபிகள் (ஸல்) அதை உண்மையென்று ஏற்றதும் ஹதீஸ் நூல்கள் கூறும் செய்தி. வணக்கத்திற்கே வரம்பு உண்டெனில், இலாப இலக்கிற்கு வரம்பில்லை என்று சொல்ல எந்த நிறுவனத்திற்கும் தகுதியில்லை.

இதுவரை சொன்னதைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து ஒன்று நம்மிடையே இருக்கிறது. உறக்கமிழந்து, கண்ணீரோடு மருத்துவரிடம் செல்ல நினைக்கும் இளைஞனை நோக்கி 'ஈமான் குறைவு' என்று தீர்ப்புச் சொல்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது. அவர்கள் அபூஸைத் அல்பல்கியைப் படிக்கட்டும். 934இல் மறைந்த அவ்வறிஞர், உடல் உள்ளம் இரண்டின் நலனையும் பேசும் நூலில், சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணமே தெரியாத துயரத்தையும் பிரித்து, பின்னதற்கு உடல்சார்ந்த மருத்துவம் தேவை என்றார். அமைதியான நாள்களில் நல்லெண்ணங்களைச் சேமித்து, இடர் வரும்போது மருந்துபோல் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். சூடானிய உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி 2013இல் உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் தந்தபோது, இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முன்னோடியாக அதைக் காட்டினார். முன்னோடி என்னும் பட்டத்தைவிட, நோயாளியைக் குற்றவாளியாக்காத அதன் தொனியே நமக்கு வேண்டியது.

இத்தொனியை இழந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களுக்கென நடத்தப்பட்ட தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் பலியாயின. வசதி படைத்தவனின் மனச்சோர்வுக்கு மலையடிவாரத்து மௌனம் கிடைக்கிறது. ஏழையின் மனநோய்க்கு அன்று சங்கிலி கிடைத்தது. மருந்தும் துஆவும் இணைந்தே செல்லலாம் என்னும் திட்டம் பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவித்தது. உளவியல் மருத்துவரிடம் செல்வது வெட்கத்திற்குரியதன்று என்று வெள்ளி மேடைகளில் உரத்துச் சொல்வது இச்சட்டத்திற்கு நாம் செய்யக்கூடிய எளிய துணை.

எனில் நிய்யத்தைப் பற்றிய கேள்வியை எங்கே வைப்பது? 'முன்கித்' நூலின் அமைப்பே வழிகாட்டுகிறது. இமாம் அக்கேள்வியைத் தம்மை நோக்கி மட்டுமே எழுப்புகிறார். நோயுற்ற பிறரை நோக்கி எழுப்பவில்லை. அவர் வாழ்வில் மருத்துவர்களும் வந்து சென்றனர். அவர்களை அவர் இகழவில்லை. சிகிச்சை பிறர் தரக்கூடியது, தரவேண்டியது. நோக்கத்தைச் சோதிப்பது அவரவர் தனிமையில் நிகழவேண்டியது. முன்னதை மறுத்துப் பின்னதைத் திணித்தால் கொடுமையாகும். பின்னதை மறந்து முன்னதோடு நின்றால் கிரேயின் கதையாகும்.

'த ரேஸர்ஸ் எட்ஜ்' நல்ல நாவல். தன் வாசகர்களைவிட அது அறிவுடையது என்பதே நம் மதிப்பீடு. லாரியின் ஞானத்தை நெருங்கியதாக மாம் எங்கும் பாவனை செய்யவில்லை. தெரிந்த எல்லையில் நின்றுகொள்கிறார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் உடைந்தவன் உள்ளிருந்து பேசும் குரல் அதில் இல்லை. கிரேயின் வலியை நாம் பிறர் வாயிலாகவே அறிகிறோம். கஸ்ஸாலியின் நூலில் உடைந்தவரே பேசுகிறார். நா கட்டுண்ட பேராசிரியர் அந்த மௌனத்திற்குப் பின் கண்டெடுத்த சொற்கள் அவை. நம் இளம் பொறியாளர்களும் மருத்துவர்களும் கணக்கர்களும் இவ்விரு நூல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். வலி தாங்க முடியாதவர்கள் முதலில் மருத்துவரிடம் செல்லட்டும். படிப்பது பிறகு ஆகட்டும்.