தொர்த்தியா எங்கே?

பிளஸ் டூ மாணவிகளுக்குப் பிரெஞ்சுப் படங்களைத் தேர்ந்து தரும்படி புதுச்சேரிப் பள்ளி ஒன்று கேட்டது. வழக்கமான பட்டியல் உடனே நினைவுக்கு வந்தது: த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' (1959), லூயி மாலின் 'போய் வருகிறேன் பிள்ளைகளே' (1987), 'லே கோரிஸ்த்' (2004). நல்ல படங்கள்தான். ஆனால் மூன்றும் ஆண்பிள்ளைகளின் கதை.

நான் தேர்ந்தது யூசான் பால்சியின் 'ரூ காஸ் நெக்ர்' (1983). 1930களின் மார்த்தினிக் தீவு. பேரன் ஜோசே கரும்புத் தோட்டத்துக்குப் போய்விடக் கூடாதென்று பாட்டி அங்கே உழைத்துத் தேய்கிறாள். பிரான்சு 1848இல் அடிமைமுறையை ஒழித்தபின், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியது இந்தத் தீவுக்கும்தான். அந்த வரலாற்றைப் பேசலாம் என்று நினைத்தேன்.

மாணவிகள் கண்டது வேறு. தொர்த்தியா என்ற சிறுமியும் ஜோசேயைப் போலவே தேர்வில் தேறுகிறாள். அப்பா மேலே படிக்க விடவில்லை. கேமரா ஜோசேயோடு நகரத்துக்குப் போய்விடுகிறது.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு மேடம்?" என்றாள் ஒருத்தி. அவள் அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றிருந்தது.

பெண் இயக்குநரின் படத்திலும் பாட்டியின் உழைப்பு பேரனுக்கே போகிறது. தொர்த்தியா பாதியில் மறைகிறாள். இந்தக் குறையை நான் முதல்முறை பார்த்தபோது கவனிக்கவே இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டும் இதே படத்தைத்தான் தருவேன். முடிந்ததும் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன்.