‘தாய்’ என்னும் சொல்லுக்குள் மறைந்த தலைவி

செப்டம்பர் 17 வந்துவிட்டால் நம் வேலூர் மாநகரும் பெரியாரை நினைவுகூரத் தவறுவதில்லை. 2021இல் தமிழக அரசு அந்நாளைச் சமூகநீதி நாளாக அறிவித்தபின் உறுதிமொழியும் சேர்ந்துகொண்டது. ஈரோட்டில் பிறந்த அவர், 1973 டிசம்பர் 24 அன்று உயிர் நீத்தது வேலூர்க் கிறித்தவ மருத்துவமனையில். ஆகவே நமக்கும் ஓர் உரிமை உண்டு போலும்.

ஆனால், இந்த ஊரிலேயே பிறந்தவர் மணியம்மையார். காந்திமதி என்பது இயற்பெயர். 1920இல் பிறந்த அவரது நூற்றாண்டு 2020இல் நிறைவுற்றது. அவரைப் போற்றுவோர் சூட்டிய பெயர் ‘தொண்டறத் தாய்’. பெரியாருக்குப் பணிவிடை செய்து அவர் ஆயுளை நீட்டித்தவர் என்பதே மேடைதோறும் கேட்கும் புகழுரை. பெரியார் மறைந்தபின் 1978வரை திராவிடர் கழகத்தை நடத்தியவர், நெருக்கடிநிலையில் தோழர்கள் பலர் சிறைப்பட்டிருக்க இயக்கத்தைக் கட்டிக்காத்தவர் என்பன பின்னுரையாகவே வருகின்றன. 1974இல் அவர் நடத்திய இராவணலீலா பிற சமயத்தார் மனத்தைப் புண்படுத்தியது. அதை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அம்முடிவை எடுத்தவர் ஒரு தலைவி, செவிலி அல்லர்.

‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலைக் கையிலெடுத்தால் இம்முரண் உறுத்துகிறது. கற்பு, மறுமணம், சொத்துரிமை எனப் பத்துக் கட்டுரைகள். கர்ப்பத்தடையைப் பிறர் உடல்நலத்திற்காகவும் நாட்டின் பொருளாதாரத்திற்காகவும் வேண்டியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்கிறார் பெரியார். திருச்சபையின் போதனை வேறு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், பெண்ணைப் பயன்பாட்டால் அளக்காமல் அவளை அவளாகவே முன்னிறுத்திய அக்கேள்வியைத் தள்ளிவிட இயலவில்லை. நடையில் நயமில்லை, சொன்னதையே திரும்பச் சொல்வார். அவசரத்தில் இருப்பவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். அத்தகைய நூலை எழுதியவரின் துணைவியைப் பணிவிடையால் மட்டுமே அளப்பது அந்நூலைப் படியாதவர் செயல்.

கல் எறிய நமக்குத் தகுதியுண்டா? விடியற்காலையில் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்துகளில் நெருக்கியடித்துச் செல்வோருள் பெரும்பாலோர் பெண்கள். உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் அவர்களே ஞாயிறன்று ஆலயத்தைப் பெருக்கி, பீடத்திற்குப் பூ வைக்கிறார்கள். நாமும் மறையுரையில் அவர்களை ‘அன்னையர்’ என்று வாழ்த்துகிறோம். பங்குப் பேரவையில் கணக்குக் கேட்க ஒருத்தி எழுந்தால் மட்டும் நம் முகம் சுளிக்கிறது. பெத்தானியாவில் ஆண்டவர் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாவை, அடுப்படிக்கு அனுப்பாதவர் அவர். கடந்த திருவிழாவில் நாம் எத்தனை மரியாக்களை அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்தோம், விரல்கள் போதவில்லை.